தனி நாற்காலி வேண்டாம்: பல் மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

பல் மருத்துவமனைகளை நடத்துவோர், நாற்காலியருகே நின்று வேலை செய்யும் மருத்துவர்கள், உதவியாளர்கள், வரவேற்பில் அமர்ந்திருப்போர், பல் மருத்துவக் கல்லூரிகளின் துறைத் தலைவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைச் சொன்னவருக்கு "எல்லாரும் போன பிறகு கடைசியாக வாங்க" என்று நேரம் தருவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அவர் உட்காரும்போது மட்டும் நாற்காலி முழுக்க பிளாஸ்டிக் உறை. மற்றவர்களைத் தொட ஒரு ஜோடி கிளவுஸ், அவரைத் தொட இரண்டு. கேஸ் ஷீட்டின் மேலட்டையில் எவர் கண்ணிலும் படும்படி சிவப்பு மையில் எழுத்து. குடிப்பழக்கமோ போதைப் பழக்கமோ உள்ளவர் வந்தால் வேறு பேச்சு: "முதல்ல அதை விட்டுட்டு வாங்க, அப்புறம் பல்லைப் பார்க்கலாம்." இவற்றை நிறுத்தும்படி கேட்டு இம்மடலை எழுதுகிறோம். உங்கள் இரக்கத்தை மட்டும் நம்பிக் கேட்கவில்லை. தொற்றுத் தடுப்பும் மருந்தியலும் படித்த எவரும் வந்து சேர வேண்டிய முடிவு இதுதான் என்பதால் கேட்கிறோம்.

ஒரு நாளில் உங்கள் நாற்காலியில் உட்காருகிறவர்களில் யாருடைய ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அவர்களில் பலருக்கே தெரியாது. தெரிந்த சிலரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். தொற்றிய முதல் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும், அப்போது பரிசோதனை நெகட்டிவ் என்றும் காட்டக்கூடும். எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிய ஒருவர் அதை வாய்விட்டு உங்களிடம் சொல்கிறார். இவர்களில் ஆபத்து குறைந்தவர் அவர்தான். கடைசி நேரத்துக்குத் தள்ளப்படுபவரும் அவர்தான். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது என்று நினைத்தால், மற்ற ஒவ்வொருவருக்குப் பின்னும் செய்யும் சுத்திகரிப்பில் உங்களுக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிறது. அப்படியென்றால் சரிசெய்ய வேண்டியது சுத்திகரிப்பை.

எல்லாருடைய ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதி வேலை செய்ய வேண்டும் என்ற விதி, எச்.ஐ.வி. அச்சம் உச்சத்தில் இருந்த 1980-களிலேயே வந்துவிட்டது. 1996-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை விரித்து 'ஸ்டாண்டர்ட் பிரிகாஷன்ஸ்' ஆக்கியது. 2003-ல் பல் மருத்துவத்துக்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. நோயாளிக்கு நோயாளி மாறாத ஒரே நடைமுறை என்பதே அதன் உயிர்நாடி.

கருவிகளை நீராவிச் சூட்டில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவை எடுத்துக்கொள்ளுங்கள். உறையிட்ட கருவிகளுக்கு, சாதாரண வகை எந்திரத்தில் 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வகையில் 134 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம். அந்த எந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஜியோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளை வைக்கிறோம். நீராவிச் சூட்டை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காத உயிரி அது. எச்.ஐ.வி.யோ கொழுப்பு உறை போர்த்திய, எளிதில் அழியும் வைரஸ். வித்துச் சோதனையில் தேறிய சுழற்சிக்கு முன் அது நிற்காது. ஆகவே "எச்.ஐ.வி. நோயாளிக்கு வைத்த கருவி" என்று தனியே ஒரு தட்டு எதற்கும் தேவையில்லை.

கோளாறு வருவது வேறு இடங்களில். ரத்தம் காய்ந்த கருவியைக் கழுவாமலே உள்ளே வைப்பது. பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீராவி போக வழியில்லாமல் அடைப்பது. சூடு ஏறி முடிக்கும் முன்பே நேரத்தை எண்ணத் தொடங்குவது. அவசரத்தில் உலரும் கட்டத்தை நிறுத்தி ஈரப் பையோடு வெளியே எடுப்பது. ஈரமான காகிதத்தின் வழியே கிருமி மறுபடி உள்ளே போகும். பையின் மேல் நிறம் மாறும் பட்டையைக் காட்டி "ஸ்டெரிலைஸ் ஆகிவிட்டது" என்பார்கள். அந்தப் பட்டை சூடு பட்டதை மட்டுமே சொல்லும். வித்துச் சோதனை வாரம் ஒரு முறையாவது நடக்க வேண்டும், முடிவு ஒரு நோட்டில் ஏற வேண்டும்.

பல்லைத் துளையிடக் கையில் பிடிக்கும் ஹேண்ட்பீஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் "கடைசி நேரம்" என்ற பழக்கம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஏர்ரோட்டர் (காற்றால் சுழலும் ஹேண்ட்பீஸ்) சுழன்று நிற்கும் கணத்தில் உள்ளே அழுத்தம் குறைந்து, வாயிலிருக்கும் எச்சிலும் ரத்தமும் தலைப்பகுதிக்குள் இழுக்கப்படும். வெளியே ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதால் உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. நோயாளி எழுந்ததும் 20 முதல் 30 விநாடி தண்ணீரும் காற்றும் ஓடவிட்டு, கழற்றி, வெளிப்புறம் கழுவி, எண்ணெய் விட்டு, பையிலிட்டு ஆட்டோகிளேவில் போட வேண்டும். இதற்கு, ஆறும் நேரமும் சேர்த்து, ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணிக்கு ஒரு நோயாளி என்றால், முதல் ஹேண்ட்பீஸ் திரும்பி வருவதற்குள் இன்னும் மூவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாற்காலிக்கு நான்கு, பழுதானால் மாற்ற ஒன்று: ஐந்து வேண்டும். இரண்டு மட்டும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டும் இடத்தில், இடையில் நடப்பது வெறும் துடைப்புதான். அந்த உண்மை அங்கே வேலை செய்கிறவர்களுக்கு உள்ளூரத் தெரியும். அதனால்தான் எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கேட்டதும் அவர்களுக்குப் பயம் வருகிறது. பயத்தைப் போக்க விழிப்புணர்வு வகுப்பு எடுக்கும் முன் ஹேண்ட்பீஸை எண்ணிப் பாருங்கள்.

இரண்டு கிளவுஸ் விஷயத்துக்கு வருவோம். நீண்ட அறுவைச் சிகிச்சையில் எல்லாருக்கும் இரண்டு போட்டால் அது நல்ல பழக்கம். ஒருவருக்கு மட்டும் போட்டால் அவரிடம் நீங்கள் ஒரு செய்தி சொல்கிறீர்கள். எத்தனை கிளவுஸ் போட்டாலும் ஊசி உள்ளே போகும். குத்தல் நடக்கும் இடங்கள் தெரிந்தவையே: மரத்துப்போக ஊசி போட்டபின் இரண்டு கைகளாலும் மூடியை மாட்டும்போது, பர் (துளையிடும் முனை) கழற்றாமல் தொங்கவிட்ட ஹேண்ட்பீஸில் முழங்கை உரசும்போது, தொட்டியில் குவிந்த கருவிகளைக் கையை விட்டுத் துழாவிக் கழுவும்போது. மூடியைத் தட்டில் வைத்து ஒரு கையாலேயே ஊசியைச் செலுத்தி மாட்டுவது, பரை உடனே கழற்றுவது, கழுவுகிறவருக்குத் தடிமனான ரப்பர் கையுறை கொடுப்பது ஆகிய மூன்றும் எந்தப் பிளாஸ்டிக் உறையையும்விட அதிகம் காப்பாற்றும்.

எண்களையும் பார்த்துவிடலாம். தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். அதுவும் சிகிச்சை எடுக்காதவர்களை உள்ளடக்கிய பழைய ஆய்வுகளின் கணக்கு. கண்ணிலோ வாயிலோ ரத்தம் தெறித்தால் சுமார் 0.09 சதவீதம். எச்சிலால் எச்.ஐ.வி. பரவுவதில்லை. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ 6 முதல் 30 சதவீதம் வரை. எச்.ஐ.வி. நோயாளியைக் கண்டு பின்வாங்கும் மருத்துவமனைகளில், கருவி கழுவும் உதவியாளருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டால் பதில் வராத இடங்கள் உண்டு. இது எங்களை உண்மையிலேயே வருத்துகிறது. 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. கடைசி ஊசிக்கு 1 முதல் 2 மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டை எட்டியதா என்று பரிசோதனை. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நிர்வாகமே இதைச் செய்துவைக்க வேண்டும்.

ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது என்பது சுவரில் இருக்க வேண்டும். சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், பிளீச்சோ அமிலமோ ஊற்றாதீர்கள். கண்ணில் தெறித்தால் சுத்தமான தண்ணீரால் நன்றாக அலசுங்கள். உடனே பொறுப்பாளரிடம் சொல்லி, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தருமிடத்துக்குப் போங்கள். சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பலனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அந்த இடத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும், இரவிலும் திறந்திருக்குமா என்ற விவரமும் அதே தாளில் இருக்கட்டும். வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியே எச்.ஐ.வி. பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊசிக் குத்தலுக்கு அந்த அளவுக்கு ஆய்வுத் தரவு இல்லாததால் ஆலோசனை அப்போதும் பெற வேண்டும். ஆனால் மருந்து வேலை செய்கிற உடலில் வைரஸ் அடங்கிக் கிடக்கிறது என்ற நினைப்போடு பெறுங்கள், பதற்றம் பாதி குறையும்.

பல் பிடுங்கும் முன் எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதை நிறுத்துங்கள். முடிவு எதுவாக இருந்தாலும் உங்கள் நடைமுறை மாறப்போவதில்லை. தெரிந்த நோயாளியிடமும் சிடி4 (நோய் எதிர்ப்பு அணு) எண்ணிக்கையை நுழைவுச்சீட்டு போலக் கேட்க வேண்டாம்; நலமாக இருப்பவருக்கு ஸ்கேலிங் (பல் சுத்தம்), அடைப்பு, வேர் சிகிச்சை, சாதாரணமாகப் பல் எடுப்பது எல்லாமே மற்றவர்களுக்குச் செய்வதுபோலத்தான். நோய் முற்றியவராக இருந்தால் பார்க்க வேண்டியவை வேறு: ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே இருக்கிறதா, கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் வெள்ளணு 500-க்குக் கீழே போய்விட்டதா, கல்லீரல் கெட்டிருந்தால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எவ்வளவு என்பவை. எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் எழுதுவதும் தேவையற்றது. வேர் சிகிச்சையில் காப்பாற்றக்கூடிய பல்லை "இவருக்கு எதற்கு இத்தனை சிட்டிங்" என்று பிடுங்கிவிடுவதுதான் எங்களுக்கு மிகக் கசப்பான புறக்கணிப்பு. கேஸ் ஷீட்டில் அது சிகிச்சையாகவே பதிவாகும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நோயாளி உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியம் உண்டு, ஆனால் காரணம் மருந்துகள். ரிட்டோனவிர் அல்லது கோபிசிஸ்டாட் சேர்ந்த எச்.ஐ.வி. கூட்டு மருந்தைச் சாப்பிடுபவருக்கு, பயம் தணிய வாய்வழி மிடசோலம் கொடுத்தால் மயக்கம் ஆழமாகி மூச்சு தடைப்படலாம். அவருக்கே வாய்ப்புண்ணுக்கோ தாடை மூட்டு வலிக்கோ டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டால், கல்லீரல் அதை வெளியேற்ற முடியாமல் உடலில் தேங்கி அட்ரீனல் சுரப்பி முடங்கும். ஒரே ஓர் ஊசிக்குப் பின்னும் இது நடந்திருக்கிறது. டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுபவருக்கு வலி மாத்திரையை நாள்கணக்கில் நீட்டினால் சிறுநீரகம் பாதிக்கும். டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுபவருக்கு இரும்பு, கால்சியம், அமில எதிர்ப்பு மாத்திரைகளை எழுதினால், டோலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சாப்பிடச் சொல்ல வேண்டும். சொன்னதற்காக ஒருமுறை அவமானப்பட்டவர் அடுத்த முறை "வேறு மாத்திரை எதுவும் இல்லை" என்பார். நீங்கள் மிடசோலம் கொடுப்பீர்கள்.

ஆகவே கேட்கும் முறையை மாற்றுங்கள். எல்லாருக்கும் ஒரே படிவம், எழுதி நிரப்ப ஒரு தனி மூலை, வரவேற்பில் உரக்கக் கேட்பது கிடையாது. நோய் விவரம் உள்பக்கத்தில், மருந்துப் பட்டியலோடு இருக்கட்டும். அது தெரிய வேண்டியவர் சிகிச்சை தரும் மருத்துவர். கருவி கழுவுகிறவருக்கு அது தேவையில்லை, எல்லாக் கருவிக்கும் அவர் செய்வது ஒன்றே. வேறு மருத்துவருக்குக் கடிதம் எழுதும்போதும் சிகிச்சைக்கு வேண்டியிருந்தால், நோயாளியிடம் கேட்டுவிட்டுக் குறிப்பிடுங்கள். "எங்களிடம் வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பதும் மறுப்புதான். எச்.ஐ.வி. உள்ள பெண்ணின் சொத்தைப் பல்லைத் தன் கிளினிக்கில் அடைக்க மறுத்து, மருத்துவமனைக்கு வந்தால் செய்கிறேன் என்ற பல் மருத்துவரின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அறிகுறிகள் தோன்றாத நிலையிலும் எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஊனமுற்றோருக்கான சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 1998-ல் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி போதைப் பழக்கம். இங்கே பயத்தைவிடத் தீர்ப்புதான் அதிகம். பல்லைப் பார்த்தவுடன் "இவர் எப்படிப்பட்டவர்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்தப் பல் ஏன் அப்படி ஆனது என்று பாருங்கள். மெத்தாம்பெட்டமைன் உமிழ்நீரை வற்றச் செய்யும், பல்லை நறநறவென்று கடிக்க வைக்கும், இனிப்புப் பானத்துக்கு ஏங்க வைக்கும். சொத்தை முன்பற்களின் இடுக்கிலும் ஈறோரத்திலும் பரவும். சிகிச்சைக்கு வந்து பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருப்பவர்களின் பல்லும் கெடலாம். அபின் வகைப் போதைக்கு (ஓபியாய்டு) மாற்றாகத் தரும் மெத்தடோன் சிரப் சில இடங்களில் சர்க்கரை சேர்ந்தது, வாயும் உலரும். அதே சிகிச்சைக்கு வாயில் கரையவிடும் புப்ரெனார்ஃபின் பற்களைக் கெடுப்பதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2022 ஜனவரியில் எச்சரித்தது. மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. முழுக்கக் கரைந்ததும் ஒரு பெரிய வாய் தண்ணீர் எடுத்து மெதுவாகக் கொப்புளித்து விழுங்க வேண்டும், அதன்பின் ஒரு மணி நேரமாவது பொறுத்துத்தான் பல் துலக்க வேண்டும். இந்த இரண்டு வரியைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லத் தகுந்த இடத்தில் இருப்பவர் நீங்கள்தான்.

கேள்வியும் நேராக இருக்கட்டும். "ஏதாவது கெட்ட பழக்கம் உண்டா" என்றால் இல்லை என்பார்கள். "மரத்துப்போக ஊசி போடப் போகிறேன், அதில் அட்ரினலின் இருக்கிறது. கடந்த 24 மணி நேரத்தில் கோகைனோ மெத்தோ எடுத்திருந்தால் இதயத்துக்கு ஆபத்து, சொல்லிவிடுங்கள், வேறு வழி இருக்கிறது" என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் உண்மை வரும். எடுத்திருந்தால் அவசரமற்ற வேலையைத் தள்ளிவையுங்கள். முகம் வீங்கி வந்தவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்: ரத்த அழுத்தமும் நாடியும் பார்த்து, அவை கட்டுக்குள் இருந்தால் அட்ரினலின் இல்லாத 3 சதவீத மெபிவகைன் மரப்பு ஊசி கொண்டு சீழை வெளியேற்றலாம், இல்லையென்றால் அவசரப் பிரிவுக்கு நீங்களே பேசி அனுப்புங்கள்.

"ஊசி போட்டும் வலிக்கிறது என்கிறார், மாத்திரைக்காக நடிக்கிறார்" என்ற பேச்சு அடிக்கடி வருவது. வீக்கம் கண்ட பல்லின் கூழில் (உள்ளிருக்கும் நரம்புத் திசுவில்) மரப்பு மருந்து சரியாக வேலை செய்யாது. பழக்கமே இல்லாதவர்களுக்கும் கீழ்த்தாடை நரம்பு ஊசி தவறுவது உண்டு. நீண்ட காலம் ஓபியாய்டு எடுத்தவர்களின் உடல் வலியைக் கூடுதலாகவே உணரும். கன்னப் பக்கம் ஆர்ட்டிகைன் என்ற மரப்பு மருந்து, பல்லின் தசைநார் வழி ஊசி என்று அடுத்த படிக்குப் போய், குளிர் வைத்துச் சோதித்த பின்பே துளையிடுங்கள். முடிந்தபின் நீண்ட நேரம் மரக்கச் செய்யும் 0.5 சதவீத புபிவகைன் போட்டால் முதல் பல மணி நேரம் வலியின்றிக் கழியும்.

வீட்டுக்கு எழுத ஓபியாய்டு தேவைப்படுவது அரிது. ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 முதல் 1000 மில்லிகிராமும் சேர்ந்து, வலி வந்தபின் என்றில்லாமல் நேரத்துக்கு நேரம் கொடுத்தால் பெரும்பாலான பல் வலிக்குப் போதும். அதிகம் குடிப்பவருக்குப் பாராசிட்டமாலை நாளொன்றுக்கு 2 கிராமுக்குள் நிறுத்துங்கள். கல்லீரல் சுருங்கியவருக்கு ஐபுப்ரோஃபெனையும் தவிருங்கள், பிடுங்கும் முன் ஐ.என்.ஆர்., தட்டணு இரண்டும் பாருங்கள். மெத்தடோனோ புப்ரெனார்ஃபினோ எடுப்பவரிடம் "அன்றைக்கு மட்டும் சாப்பிடாதீங்க" என்று சொல்லவே கூடாது. அந்த வேளை மருந்து அவரது அன்றாடத் தேவை, பல் வலியை அது தணிக்காது. வலி மருந்து தனியே வேண்டும். பென்டசோசின், பியூட்டர்ஃபனால் போன்ற வலி மருந்துகளை அவருக்குக் கொடுத்தால், மருந்து திடீரென நின்றால் வருவதுபோன்ற விலகல் நடுக்கத்தில் உடனே தள்ளிவிடும். மெத்தடோன் எடுப்பவருக்கு எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் ஃபுளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தும் இதயத் துடிப்பைக் குலைக்கலாம், மாற்று யோசியுங்கள்.

"விட்டுட்டு வாங்க" என்று நிபந்தனை வைப்பதில் மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. பழக்கம் தொடரும்போதே 38 சதவீத சில்வர் டயமின் ஃபுளூரைடு தடவிச் சொத்தையை நிறுத்தலாம், கறுப்பு நிறம் தங்கும் என்று முன்பே சொல்லிவிட்டு. மூன்று மாதத்துக்கொரு முறை ஃபுளூரைடு வார்னிஷ் பூசலாம், 5000 பி.பி.எம். ஃபுளூரைடு பற்பசை எழுதலாம். சந்திப்புக்கு வராமல் போகிறார்கள் என்ற குறை நியாயமானதுதான். தினமும் காலையில் வரிசையில் நின்று மெத்தடோன் வாங்குபவருக்குக் காலை 9 மணிக்கு நேரம் கொடுத்தால் வர முடியாது. மதியம் கொடுங்கள், முதல் சந்திப்பைக் குறுகியதாக வையுங்கள், வலியைத் தீர்த்து அனுப்புங்கள். அடுத்ததில் முன்பல் ஒன்றைச் சரிசெய்யுங்கள். வேலை தேடிப் போகிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். எச்.ஐ.வி. உள்ளவர் வந்தால் மாணவர் அவரைக் கைமாற்றிவிடுவதை ஆசிரியர் பார்த்தும் பாராமல் விடுகிற துறைகளில், எத்தனை வகுப்பு எடுத்தாலும் அந்தக் கைமாற்றலைத்தான் மாணவர் கற்கிறார். ஆசிரியரே முதலில் உட்கார்ந்து, எல்லாருக்கும் போடும் அதே கிளவுஸோடு ஸ்கேலிங் செய்து காட்டட்டும். நாக்கோரத்தில் சுரண்டினாலும் போகாத வெண்படை, அண்ணத்தில் ஊதா நிறத் திட்டு, காரணமின்றி வரும் வாய்ப்பூஞ்சை ஆகியவை எச்.ஐ.வி.யின் அறிகுறியாக இருக்கலாம்; அவற்றை முதலில் காண்பவர் பல் மருத்துவராகவே இருக்கக்கூடும். கதவைச் சாத்திக்கொண்டு, "இதற்குப் பல காரணம் உண்டு, ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரியும், விருப்பம் உங்களுடையது" என்று சொல்லிப் பழகும் பயிற்சியும் பாடத்திட்டத்தில் வேண்டும்.

நிர்வாகிகள் ஆண்டுக்கு ஒருமுறை கடந்த மூன்று மாதப் பதிவுகளை எடுத்துப் பாருங்கள்: எச்.ஐ.வி. அல்லது போதைப் பழக்கம் என்று குறித்திருந்தவர்களுக்கு எந்த நேரம் கொடுக்கப்பட்டது, அவர்களில் எத்தனை பேருக்கு வேர் சிகிச்சை, எத்தனை பேருக்குப் பிடுங்கல், வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு என்ன காரணம் எழுதப்பட்டிருக்கிறது. மற்ற நோயாளிகளின் கணக்கோடு பெயர்களை மறைத்து ஒப்பிட்டு, வித்தியாசம் தெரிந்தால் அதை ஊழியர் கூட்டத்தில் வையுங்கள். புகார் சொல்ல வரவேற்பு மேசையைத் தாண்டிய ஒரு வழி இருக்கட்டும், அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் குறிப்பிட்டு ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
பல் மருத்துவத்திலும் தொற்றுத் தடுப்பிலும் போதை மீட்புச் சிகிச்சையிலும் பணியாற்றுவோர்